கட்டியும் குருதியுறைவும்

மருத்துவ வரலாற்றிலே இரு நோய்கள் நெடுங்காலம் தனித்தனி வழியே ஆராயப்பட்டு, பின்னர் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக அறியப்பட்டன. ஒன்று கர்ப்பப்பையில் எழும் நார்க்கட்டி; மற்றையது நாளங்களுள் குருதி உறைதல்.

1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்ள்ஸ் கிளே என்னும் வைத்தியர் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். சூலகக் கட்டியென எண்ணித் திறந்தவர் கண்டது கர்ப்பப்பைக் கட்டி. அதனை அகற்றினார், குருதி பெருகி அப்பெண் மாண்டாள். பத்தாண்டுகள் கழித்து, 1853இல், அமெரிக்காவில் வால்டர் பேர்ணம் செய்த அத்தகைய சத்திரசிகிச்சையில் நோயாளி பிழைத்தாள். ஆயினும், கத்திக்குத் தப்பிய பெண்களுள்ளும் சிலர், சில நாட்களின் பின் திடீரென மூச்சடைத்து இறந்தனர்.

அம்மரணத்தின் மறைவை விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் உருடோல்ப் விர்கோ. காலின் நாளத்தில் உறைந்த குருதி பெயர்ந்து சென்று நுரையீரலை அடைக்கும் என அவர் நிறுவினார். அவருடைய ஆய்வுத் தொகுதி 1856இல் வெளிவந்தது. ஓட்டம் தளர்தல், நாளச்சுவர் ஊறுபடல், குருதி உறையுந்தன்மை மிகுதல் என்னும் மூன்று காரணங்களும் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. நார்க்கட்டி தசையினால் ஆனது எனக் காட்டியவரும் அவரே.

அதற்கு அடுத்த ஆண்டு, 1857இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். பெண்ணின் நோயைப் பெண்ணின் மொழியிலே பேசலாம் என்பதற்கு அந்நூல் சான்றாயிற்று.

குருதியுறைவைத் தடுக்கும் எப்பரின் 1916இல் பால்டிமோரில் கண்டறியப்பட்டது. அது நுரையீரல் அடைப்புற்றோரின் உயிரைக் காக்கும் என்பதை 1960இல் பிரிஸ்டல் நகர் வைத்தியர்கள் ஒப்பீட்டாய்வினால் மெய்ப்பித்தனர்.

இவ்விரு நோய்களும் கூடுமிடம் இடுப்பெலும்புக் கூடாகும். நார்க்கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை, புற்றுநோயல்ல. ஆனால், மிகப் பெருத்த கட்டி இடுப்பு நாளங்களை நெருக்குமாயின், காலினின்று மேலேறும் குருதி தேங்கும். தேங்கிய குருதி உறையவுங்கூடும். இது அரிதாயினும் உண்மை. மிகை உதிரப்போக்கை அடக்கக் கொடுக்கப்படும் சில ஓர்மோன் மாத்திரைகளும், சத்திரசிகிச்சையின் பின் நெடுநாள் படுத்திருத்தலும் இவ்வபாயத்தைக் கூட்டுவன.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகர் ஆயினும் வேறெவ்வூராயினும், மாதவிடாய்த் துன்பத்தை நாணத்தால் மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. வயிறு பருத்தலை வயதென்றும், கால் வீக்கத்தைக் களைப்பென்றும் தள்ளிவிடுதல் எளிது. ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். திடீரென மூச்சிரைத்து நெஞ்சு நொந்தால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. கிளேயின் நோயாளிக்குக் கிட்டாத அறிவு இன்று நமக்குக் கிட்டியுள்ளது. அதனைப் பயன்கொள்ளுமாறு தாயும் மகளும் தம்முள் வாய்திறந்து பேசுதலே முதல் மருந்தாம்.