நினைவும் இயக்கமும்: மூளைச் சுற்றுகள் பற்றிய ஆய்வு வரலாறு

நினைவுச் சுற்று, இயக்கச் சுற்று என்பன தத்தமக்குரிய வேலைக்காகத் தம்முள் இணைந்த நரம்பணுத் தொகுதிகளாகும். முதலாவதன் மையம், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக ஆழத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ். இரண்டாவது, மூளையின் மேற்பரப்பான புறணியில் தொடங்கி, அடித்தள நரம்புத் திரள்களையும் தலாமஸையும் கடந்து புறணிக்கே திரும்புவது. அசைவின் அளவையும் நேரத்தையும் சிறுமூளை திருத்தித் தருகிறது.

இவை தனித்தனியானவை என்பது நோயாளிகளின் இழப்பிலிருந்தே தெரியவந்தது. 1953-ல் வலிப்புக்காக இருபுற ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி நீக்கப்பட்ட அமெரிக்கரான ஹென்றி மொலைசனால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் இருத்த முடியவில்லை. எனினும் கண்ணாடியில் பார்த்து விண்மீன் வரையும் பயிற்சியில், முன்பு வரைந்ததே நினைவில்லாத நிலையிலும், அவருடைய கை நாளுக்கு நாள் தேறியதை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்டறிந்தார்.

தமிழ்நாட்டில் 1949-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினர். 1960-களில் ராமமூர்த்தியும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும் பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைத் தணிக்க இயக்கச் சுற்றையே நேரடியாக அணுகினர். டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிவதால் சீர்குலையும் அச்சுற்றில், தலாமஸின் மிகச் சிறிய இடமொன்றைச் செயலிழக்கச் செய்தால் நடுக்கம் தணியும். சி.டி. ஸ்கேன் இல்லாத அக்காலத்தில், மூளையின் நீரறைகளை எக்ஸ் கதிர்ப் படத்தில் புலப்படச் செய்து, தலையில் பொருத்திய சட்டத்தின் அளவுகளைக் கொண்டு இலக்கைக் கணித்து, சிறு துளைவழியே ஊசி செலுத்தப்பட்டது. லெவோடோபா மருந்து வந்தபின் இவ்வறுவையின் தேவை குறைந்தது. இதே முறை, அடங்காத நடத்தை கொண்டோர் மீதும், சிறுவர் உட்பட, கையாளப்பட்டது. அன்று அது சிகிச்சையாகவே கருதப்பட்டாலும், இன்றைய மருத்துவ அறநெறி அதனை எளிதில் ஏற்காது.

முதிர்ந்த மூளையில் சுற்று எங்குள்ளது என்பதை ஊசி காட்டியது. அது எவ்வாறு உருவாகிறது என்பதைக் காட்ட அதனால் இயலவில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கருக்காலத்தின் நடுமூன்று மாதங்களைச் சேர்ந்த 5 சிசு மூளைகளிலிருந்து சீவப்பட்ட 5,132 மென்துண்டுகளின் படங்கள், அணுக்கள் தெரியும் நுட்பத்துடன், எவரும் கட்டணமின்றிக் காணும்படி அதில் உள்ளன.

இப்பருவத்து மூளையின் நீரறைச் சுவரில் புடைத்து நிற்கும் வளர்மேடு தனிக் கவனத்துக்குரியது. அடித்தளத் திரள்களுக்குரிய அணுக்கள் அங்கே பிறக்கின்றன. ஹிப்போகாம்பஸிலும் புறணியிலும் பிற அணுக்களின் துடிப்பை அடக்கும் நரம்பணுக்களில் பலவும் அம்மேட்டிலிருந்தே நெடுந்தொலைவு நகர்ந்து செல்கின்றன. மொலைசனிடம் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற இரு சுற்றுகளும் பிறப்பிடத்தை ஓரளவு பகிர்ந்துகொள்கின்றன என்பது இதனால் விளங்கும். ஆயினும் கருவின் வரைபடம் முழுக் கதையையும் சொல்லாது: சிறுமூளையின் துகளணுக்கள் பிறப்புக்குப் பின்னரும் உள்நோக்கி நகர்கின்றன, புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகள்மீது கொழுப்புறை படியும் வேலையும் குழந்தை நடை பழகிய பின்னரும் தொடர்கிறது.