வீட்டை விற்கப் போறீங்களா? காலி செய்துவிட்டு விற்பதா, குடியிருந்தபடியே விற்பதா?

ஃபிளாட்டை விற்க முடிவு பண்ணியாச்சு. அடுத்த கேள்வி: முதலில் காலி செய்து சாவியை புரோக்கரிடம் கொடுத்துவிடலாமா, இல்லை விலை படியும் வரை அங்கேயே இருக்கலாமா? பலர் இதை வசதி சார்ந்த விஷயமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இதில் வாடகை, வரி, பேரம் மூன்றும் அடங்கியிருக்கின்றன.

இந்தியாவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பதிவான சுமார் 33 கோடி கட்டடங்களில் ஏறக்குறைய 2.5 கோடி காலியாக இருந்தன. நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி. எல்லாமே விற்பனைக்காகக் காத்திருந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால், பூட்டிய வீட்டுக்கும் ஒரு விலை உண்டு.

காலி வீட்டின் லாபம் என்ன?

முதல் லாபம், காட்டுவது சுலபம். வாங்க வருபவர் ஞாயிறு காலையும் வரலாம், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கும் வரலாம். வீட்டில் பெரியவர்களோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால் இது முடியாது. அறைகளும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது, நம்பிக்கை. "பதிவு முடிஞ்ச பிறகு காலி பண்ணுவாங்களா?" என்ற பயம் வாங்குபவருக்கு இருக்காது. பதிவு அன்றே சாவி கைக்கு வரும் என்பது வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடு தேடுபவருக்குப் பெரிய விஷயம்.

நஷ்டம் எங்கே?

சோபாவும் அலமாரியும் மறைத்திருந்த ஈரக்கசிவு, சுவர் விரிசல், ஆணி ஓட்டை எல்லாம் வெளியே தெரியும். மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் குளியலறை வடிகாலில் நிற்கும் தண்ணீர் வற்றி, குழாய் வழியாக நாற்றமும் கரப்பான்பூச்சியும் உள்ளே வரும். வாரம் ஒருமுறையாவது ஜன்னலைத் திறந்து, குழாயில் தண்ணீர் விட ஓர் ஆள் வேண்டும். வீட்டுக் காப்பீடு இருந்தால், நீண்ட நாள் ஆளில்லாத வீட்டுக்குப் பாலிசியில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பேரத்திலும் அடி விழலாம். காலி வீட்டைப் பார்த்தவுடனே வாங்குபவர், "இவங்களுக்கு அவசரம்" என்று கணக்குப் போடுவார்.

மாதத்துக்கு எவ்வளவு செலவு?

ஓர் உதாரணம். வீட்டின் விலை 80 லட்சம் ரூபாய். பழைய வீட்டின் இஎம்ஐ, மெயின்டனன்ஸ் இரண்டையும் நீங்கள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காலி செய்வதால் கூடுதலாக வருவது எது என்பதுதான் கேள்வி.

- புதிய இடத்தின் வாடகை: 25,000 ரூபாய்
- சுத்தம், மேற்பார்வை: 3,000 ரூபாய்
- மொத்தம்: மாதம் 28,000 ரூபாய், அதாவது விலையில் 0.35 சதவீதம்

ஆறு மாதம் விற்காமல் இருந்தால் 1,68,000 ரூபாய், அதாவது 2.1 சதவீதம். காலி வீடு என்பதால் விலை அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால்தான் உங்களுக்கு லாபம். இல்லையென்றால் குடியிருந்தபடியே ஆறு மாதம் காத்திருந்திருக்கலாம். இந்த இடத்தில் உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் வீட்டு விலையையும் போட்டுப் பாருங்கள்.

வேலை மாற்றத்தால் எப்படியும் வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு மாறும். அந்த வாடகை எப்படியும் வரப்போகிற செலவு. அப்போது கூடுதல் செலவு சுத்தமும் மேற்பார்வையும் மட்டும்தான்.

வரி விஷயத்தில் கவனம்

பலர் தவறவிடும் இடம் இது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய முறையையும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

லாபத்தை இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால் வரிவிலக்கு உண்டு. ஆனால் காலக்கெடு இருக்கிறது. புதிய வீட்டை, பழையதை விற்பதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், அல்லது விற்ற பிறகு இரண்டு வருடத்துக்குள் வாங்க வேண்டும். கட்டுவதென்றால் மூன்று வருடம்.

அதாவது, புது ஃபிளாட் வாங்கிக் குடிபோய்விட்டு, பழைய வீட்டை "நல்ல விலை வரட்டும்" என்று ஒரு வருடத்துக்கு மேல் பூட்டி வைத்தால், அந்தப் புது ஃபிளாட்டைக் காட்டி விலக்கு கேட்க முடியாது. லாபம் 30 லட்சம் என்றால் 12.5 சதவீதத்தில் வரி மட்டுமே 3.75 லட்சம். மேலே பார்த்த ஆறு மாத வாடகைச் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முதலில் விற்பவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் புது வீடு அமையாவிட்டால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கலாம்.

குடியிருந்தபடி விற்றால்

பார்க்க வருபவர்களுக்கு வாரத்தில் இரண்டு நேரம் ஒதுக்குங்கள். தேவையில்லாத சாமான்களை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நகை, அசல் ஆவணங்களை லாக்கரில் வையுங்கள். ஈரக்கசிவு இருந்தால் மறைக்காமல் சரிசெய்யுங்கள். வெளியே தெரியாத முக்கியக் குறைகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்.

காலி செய்யும் தேதியை வாய்வார்த்தையாக விடாதீர்கள். கிரய ஒப்பந்தத்திலேயே தேதி, தாமதமானால் நாளுக்கு எவ்வளவு என்பதை எழுதுங்கள். பதிவுக்குப் பிறகும் சில வாரம் இருக்க வேண்டியிருந்தால், வாடகையும் காலமும் குறிப்பிட்டுத் தனி ஒப்பந்தம் போடுங்கள். பத்திரம் பதிவானதும் வீடு அவர்களுடையது. நீங்கள் அங்கே இருப்பது அவர்கள் அனுமதியில்தான்.

வாடகைக்கு ஆள் இருந்தால்?

வீட்டை விற்பதால் மட்டும் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடாது. புதிய உரிமையாளர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். முதலீட்டுக்காக வாங்குபவருக்கு இது வசதி. குடிபோக வாங்குபவருக்குத் தலைவலி. வாடகைதாரரிடம் முன்கூட்டியே பேசி, காலி செய்யும் தேதியையும் அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடிவெடுப்பது?

புதிய இடத்துக்கு வாடகை கட்ட வேண்டும், போவதற்கு அவசரமும் இல்லை என்றால் குடியிருந்தபடியே விற்பது சிக்கனம். எப்படியும் ஊர் மாறுகிறீர்கள், வீடு நல்ல நிலையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் காலி செய்து விற்கலாம். புது வீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே காலண்டரில் குறித்து வையுங்கள். எவ்வளவு விலை குறைக்கலாம் என்ற பேரத்தில் அந்தத் தேதியும் ஒரு கணக்கு.