இரத்தம் ஏன் பழுப்பாகிறது?

பல்வலி வந்தால் ஈறில் மரப்புக் களிம்பு தடவுகிறோம். சிறிது நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. ஆனால் மிக அரிதாக, அதே களிம்பு ஒருவருடைய உதடுகளையும் நகங்களையும் நீலமாக்கி, மூச்சுத் திணறலையும் உண்டாக்கிவிடுவதுண்டு. ஆக்சிஜன் கொடுத்தாலும் நீலம் மறைவதில்லை. ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லெட்டைப்போல் பழுப்பாக இருக்கிறது. காற்றுப் பட்டாலும் சிவப்பதில்லை. இதன் காரணத்தை அறிய வேண்டுமானால் 1860-களின் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும்.

அங்கே பெலிக்ஸ் ஹோப்பே-சைலர் என்னும் அறிஞர் இரத்தக் கரைசலின் ஊடே ஒளியைச் செலுத்தி, அதன் நிறமாலையை ஆராய்ந்தார். இரத்தம் எந்த நிற ஒளியை விழுங்குகிறதோ அந்த இடத்தில் நிறமாலையில் கரும்பட்டை தோன்றும். இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு 1864-இல் அவர் ஹீமோகுளோபின் என்று பெயரிட்டார். அதன் பழுப்பு வடிவத்துக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தார். சிவப்புப் பகுதியில், சுமார் 630 நானோமீட்டர் அலைநீளத்தில் தோன்றும் பட்டையே பின்னதன் அடையாளம்.

இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் எலெக்ட்ரான்தான். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அணு ஓர் எலெக்ட்ரானை இழந்தால் அதனால் ஆக்சிஜனைச் சுமக்க இயலாது. நம் எல்லோருடைய உடலிலும் நாள்தோறும் சிறிதளவு இரும்பு இவ்வாறு மாறுகிறது. சிவப்பணுக்களில் உள்ள நொதி ஒன்று அதைத் திருத்திவிடுகிறது. ஆகவே மெத்ஹீமோகுளோபின் சுமார் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 70 சதவீதத்தை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

இனி களிம்பின் கதைக்கு வருவோம். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொக்கெய்னைப் பயன்படுத்திக் காட்டினார். அதன் நச்சுத்தன்மைக்கு அஞ்சி மாற்று மருந்துகள் தேடப்பட்டன. எடுவர்ட் ரிட்சர்ட் 1890-இல் தயாரித்த பென்சோகெய்ன் அவற்றுள் ஒன்று. 1902-இல் விற்பனைக்கு வந்தது. இது சாயத் தொழிலில் பயன்படும் அனிலீனுக்கு உறவான பொருள். உடலில் இது மாற்றமடையும்போது உண்டாகும் சில பொருள்கள் இரும்பின் எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. கைக்குழந்தைகளுக்குத் திருத்தும் நொதி குறைவு. எனவே அவர்களுக்கு ஆபத்து அதிகம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வாயில் பென்சோகெய்ன் களிம்பைத் தடவலாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது.

கொரோனாக் காலத்தில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் இந்நோயைக் காட்டிக் கொடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வெளியிட்ட தத்துவத்தில் அமைந்த கருவி அது. சுமார் 660, 940 நானோமீட்டர் என இரண்டே அலைநீளங்களை விரலில் செலுத்தி, அவை விழுங்கப்படும் விகிதத்தைக் கொண்டு ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. மெத்ஹீமோகுளோபினோ இரண்டையும் ஏறக்குறைய சமமாக விழுங்குகிறது. விகிதம் 1-ஐ நெருங்குகிறது. அந்த விகிதத்துக்குக் கருவி காட்டும் எண் 85. ஆகவே நோய் முற்றினாலும் எண் 85-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது! உண்மையை அறியப் பல அலைநீளங்களைக் கொண்டு இரத்தத்தைச் சோதிக்கும் கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். அதாவது, ஹோப்பே-சைலரின் முறைக்கே திரும்ப வேண்டும்.

நல்லவேளையாக மருந்து இருக்கிறது. 1876-இல் ஹைன்ரிக் காரோ ஆக்கிய மெத்திலின் நீலம் என்னும் சாயமே அது. மருத்துவர் அதைச் சிரை வழியே செலுத்தினால், அது எலெக்ட்ரானைச் சுமந்து சென்று இரும்புக்குத் திருப்பித் தருகிறது. நீலச் சாயம் உடலின் நீலத்தைப் போக்குகிறது! ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைவு உள்ளவர்களுக்கு இது பயன் தராது. சிவப்பணுக்களைச் சிதைக்கவும் கூடும்.

எனவே, களிம்பு வாங்கும்போது உறையில் பென்சோகெய்ன் என்ற பெயர் உள்ளதா என்று பாருங்கள். தடவிய பிறகு உதடு நீலமானால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்; மறவாமல் அந்த உறையையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி சொல்லத் தவறுவதை அது அவருக்குச் சொல்லிவிடும்.