எலக்ட்ரிக் கிடாருக்கு எந்த மரம்?

எங்கள் மொரப்பூர் பக்கம் ஆசாரியிடம் போய் "ஒரு மரம் வேணும்" என்று சொன்னால், "எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். நிலைக்கு வேம்பு, வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம், செக்குக்கு வாகை, மிருதங்கத்துக்குப் பலா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரம் இருக்கிறது. அப்படியென்றால் எலக்ட்ரிக் கிடாருக்கு எந்த மரம்? இதைக் கேட்டால் ஆசாரி யோசிப்பது இருக்கட்டும், கிடார் வாசிப்பவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு நிற்பார்கள். "மரத்தில்தான் நாதமே இருக்கிறது" என்பது ஒரு கட்சி. "மரமாவது மண்ணாவது, எல்லாம் கம்பியும் காந்தமும்தான்" என்பது இன்னொரு கட்சி. தயாரித்தவர்கள் உண்மையில் எதை வைத்து மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வரலாற்றைப் புரட்டினால், இந்தச் சண்டையைவிட சுவாரசியமான சங்கதிகள் கிடைக்கின்றன.

முதலில் வீணையைப் பார்ப்போம். தஞ்சாவூரில் வீணை செய்ய பண்ருட்டிப் பலாவைத் தேடுகிறார்கள். குடத்தைக் குடைந்து, மேலே பலகை போட்டு மூடுகிறார்கள். கம்பியின் அதிர்வு குதிரை வழியாக அந்தப் பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்து, நம் காதுக்கு வருகிறது. அங்கே மரம்தான் ஒலிபெருக்கி. மரம் சரியில்லை என்றால் வீணையே இல்லை.

எலக்ட்ரிக் கிடாரின் கதை வேறு. அதில் கம்பிக்குக் கீழே காந்தமும், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதற்குப் பெயர் பிக்கப். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிக் கொடுக்கிறது. மரம் காற்றை அசைக்க வேண்டிய அவசியமே இல்லை! கம்பிகளை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஓரளவு அதிர்வைத் தின்னாமல் இருந்தால் போதும். 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கம்பெனியின் கிடார் மரத்தாலேயே செய்யப்படவில்லை. அது வார்ப்பு அலுமினியம். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் "ஃப்ரையிங் பேன்" என்றே பெயர் வந்துவிட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1940 வாக்கில், லெஸ் பால் என்ற இசைக்கலைஞர் ஒரு பைன் மரக்கட்டையை எடுத்தார். வீடு கட்டுகிற இடத்தில் தூணுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி நாலுக்கு நாலு அங்குலக் கட்டை. அதில் கம்பியையும் பிக்கப்பையும் மாட்டி வாசித்தார். கட்டையை வைத்துக்கொண்டு மேடையேறினால் பார்ப்பவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பதால், ஒரு பழைய கிடாரை இரண்டாக அறுத்து இரண்டு பக்கமும் ஒட்டவைத்தார். அந்த இரண்டு பாதியும் வெறும் அலங்காரம்தான்.

இப்போது நம் கதாநாயகருக்கு வருவோம். லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! ஒருவேளை அதனால்தான் அவர் மரத்தை ஒரு பாடகரைப் போலப் பார்க்காமல், ஒரு பட்டறைக்காரரைப் போலப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய ஆரம்ப மாதிரிகளில் பைன் மரம் இருந்தது. 1950-ல் வியாபாரத்துக்கு வந்தபோது உடலுக்கு ஆஷ் மரம், கழுத்துக்கு மேப்பிள். ஆஷ் மரத்திலும் அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும் மரத்தின் அடிப்பகுதி எடை குறைவாக இருக்கும். அதைத்தான் விரும்பினார்கள். மூன்று மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவனுக்கு எடைதானே முதல் கவலை! மேப்பிள் கெட்டியான மரம், கம்பிகளின் இழுவைக்குச் சுலபமாக வளையாது. கழுத்தைத் தனியாகச் செய்து உடலில் நான்கு திருகாணி போட்டு மாட்டினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம், நாம் சைக்கிளுக்கு ஃபோர்க் மாற்றுவது போல.

1956-ல் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடலுக்கு ஆஷை விட்டு ஆல்டர் மரத்துக்கு மாறியது. இன்று ஆல்டரின் "சமநிலையான நாதம்" பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் மாறியதற்கு முக்கியக் காரணம் பெயின்ட் வேலை. ஆஷ் மரத்தில் நுண்துளைகள் பெரியவை. அவற்றை நிரப்பித் தேய்த்தால்தான் மேலே பூச்சு வழவழவென்று நிற்கும். ஆல்டரில் அந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் தாராளமாகக் கிடைத்தது, விலையும் மலிவு. ரேகை தெரிய வேண்டிய வெளிர்நிறக் கிடாருக்கு மட்டும் ஆஷைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆக, பட்டறையில் எது சுலபமோ அது தேர்வானது. அதில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றவர்கள் வாசித்தார்கள். அதன்பின் "கிடார் என்றால் இந்தச் சத்தம்தான்" என்று நம் காது பழகிவிட்டது.

போட்டிக் கம்பெனியான கிப்சன் பழைய மரபில் வந்தது. 1952-ல் வந்த "லெஸ் பால்" மாடலுக்கு மகோகனி உடல், அதன் மேலே மேப்பிள் மூடி. முழுக்க மேப்பிளில் செய்தால் தூக்க முடியாத கனம். முதலில் தங்க நிறப் பூச்சு பூசியதால் மரத்தின் ரேகையே வெளியே தெரியவில்லை. 1958-ல் உள்ளே மரம் தெரிகிற சிவப்புப் பூச்சுக்கு மாறியதும், புலிவரி மாதிரி ரேகை ஓடும் மேப்பிளுக்கு மவுசு வந்தது. 1960 வரை செய்த அந்தக் கிடார்கள் இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விற்கின்றன.

இனிமேல்தான் நம் மலைக்காடுகள் கதைக்குள் வருகின்றன. வீணையில் மெட்டுகள் இருப்பது போலக் கிடாரில் ஃப்ரெட்டுகள் உண்டு. அவை பதிந்திருக்கும் விரல்பலகையை ஃபெண்டர் முதலில் மேப்பிளிலேயே வைத்திருந்தார். வியர்வை பட்டுப்பட்டு மேல்பூச்சு தேய்ந்து, வெளுத்த மரம் அழுக்கேறி அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் 1958-ல் வந்த ஜாஸ்மாஸ்டரில் தொடங்கி, 1959-ல் மற்ற மாடல்களுக்கும் கருஞ்சிவப்பான ரோஸ்வுட்டை ஒட்டினார்கள். எண்ணெய்ப் பசை உள்ள மரம், பூச்சே தேவையில்லை. அப்போது பயன்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அது கிடைப்பது கடினமாகிக்கொண்டே போக, 1960-களில் கிடார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தன. பெட்டிக் கிடாருக்குப் புகழ்பெற்ற மார்ட்டின் கம்பெனி 1969-ல் மாறியது. அதே 1969 ஜனவரி 30-ஆம் தேதி லண்டனில் ஒரு மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழு வாசித்தபோது, ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது உடலும் கழுத்தும் ரோஸ்வுட்டால் ஆன டெலிகாஸ்டர்.

இந்திய ரோஸ்வுட் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம்தான்! தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, கூடலூர், வயநாடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. காப்பி, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும் நிற்கும். மெதுவாக வளரும் மரம், வைரம் பாய்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். 1994-ல் தமிழக அரசு ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்பது அதன் சாரமாக இருந்தது.

இந்திய ஏற்றுமதி விதிகளில் இன்னொரு முடிச்சு இருந்தது. 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அறுத்த மரமாக ஈட்டியை வெளியே அனுப்பக்கூடாது. இசைக்கருவியின் பாகமாக என்றால் அனுப்பலாம். அப்படியானால் ஃப்ரெட் பதிக்காத ஒரு விரல்பலகைத் துண்டு மரமா, பாகமா? இந்தக் கேள்வியில்தான் 2011 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அமெரிக்க அதிகாரிகள் நாஷ்வில், மெம்ஃபிஸ் நகரங்களில் கிப்சன் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து, இந்திய ஈட்டியையும் கருங்காலியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வேறு நாட்டில் சட்டவிரோதமாக வந்த மரத்தை அமெரிக்காவில் வாங்குவதும் குற்றம் என்கிறது அவர்களுடைய லேசி சட்டம். 2012 ஆகஸ்டில் வழக்கு சமரசமாக முடிந்தது. மடகாஸ்கர் கருங்காலி விஷயத்துக்காகக் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, இயற்கைப் பாதுகாப்புக்கு 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. யார் மீதும் குற்ற வழக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறொரு நினைவு வராமல் இருக்காது. மொரப்பூரிலிருந்து அரூர் தாண்டிப் போனால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடி, மக்களை அடித்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29-ல். கிப்சன் சோதனை நடந்து ஐந்தே வாரம். அந்தத் தீர்ப்பை சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-ல் உறுதி செய்தது. மரச்சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் இரண்டு இடத்திலும் உள்ளே போனார்கள். நாஷ்வில்லில் பறிபோனது மரம், அதுவும் வக்கீல் வைத்து வாதாடத் திரும்பி வந்தது. வாச்சாத்திக்கு நீதி கிடைக்க 19 வருஷம் ஆனது.

கிடாருக்குத் திரும்புவோம். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி வகை மரங்கள் எல்லாமே சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. (பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே முற்றிலும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்தது.) உடனே ஃபெண்டர் தன் மெக்சிகோ தொழிற்சாலையில் பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரத்துக்கு மாறியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தபிறகுதான் கிடார் கம்பெனிகள் மூச்சு விட்டன. அடுத்த அடி ஆஷ் மரத்துக்கு. 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரகதப் பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. அதோடு மிசிசிப்பி வெள்ளமும் சேர, பெரும்பாலான மாடல்களில் ஆஷைக் கைவிடுவதாக 2020-ல் ஃபெண்டர் அறிவித்தது.

அப்படியானால் காது என்னதான் சொல்கிறது? 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் மட்டும் ஆறு விதமான மரங்கள் போட்டு, மற்றபடி ஒரே மாதிரி ஆறு கிடார்கள் செய்தார்கள். 52 கிடார் கலைஞர்களுக்குக் கண் தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும், நம் ஈட்டியும், மலிவான மகோகனி வகையும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் வாங்கின. இத்தனைக்கும் அவை மின்சாரம் இல்லாத பெட்டிக் கிடார்கள், மரமே பாட வேண்டிய ஜாதி!