கொக்கோஸ் தீவு: கடல் நடுவே ஒரு மஹல்லா

"அவன் பெரிய எம்டன்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. அந்தக் கப்பலின் கதை எங்கே முடிந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள ஒரு பவளத் தீவுக் கூட்டத்தில், ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டுப் பாறையில் ஏறி நின்றது எம்டன். அந்தத் தீவுக் கூட்டத்தின் பெயர் கொக்கோஸ் (கீலிங்) தீவுகள்.

எம்டனைத் தெரிந்த நமக்கு அந்தத் தீவின் மக்களைத் தெரியாது. ஒரே பள்ளிவாசலைச் சுற்றி வாழும் மலாய் முஸ்லிம்கள் அவர்கள். ஒன்றரை நூற்றாண்டு சொந்தமாக ஒரு முழம் மண்கூட இல்லாமல் உழைத்து, பிறகு வாக்குச் சீட்டின் வழியே தங்கள் நிலத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பெற்றவர்கள். இன்று அந்த நிலத்தையே கடல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியம்.

தீவின் அமைப்பு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 2,750 கிலோமீட்டர் தொலைவில் இத்தீவுகள் உள்ளன. மொத்தம் 27 சிறு தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். மனிதர்கள் வாழ்வது இரண்டு தீவுகளில் மட்டும். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 593.

ஹோம் தீவில் மலாய் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். காயலுக்கு அப்பால் உள்ள வெஸ்ட் தீவில் விமான ஓடுதளமும், பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே படகுதான் போக்குவரத்து. ஹோம் தீவின் பிள்ளைகள் ஆரம்பக் கல்வியைத் தங்கள் தீவிலேயே படிக்கிறார்கள். உயர் வகுப்புக்குப் போனதும் தினமும் காலையில் படகேறி வெஸ்ட் தீவுக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். காய்கறி, மருந்து போன்றவை விமானத்திலும், கனமான சரக்குகள் கப்பலிலும் வருகின்றன. கப்பல் தாமதமானால் கடைத் தட்டு காலியாகிவிடும்.

டோக்கன் கூலியின் காலம்

1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேய வணிகர், அடிமைகளாகவும் பணியாளர்களாகவும் இருந்த மக்களைக் கூட்டிக்கொண்டு இங்கே குடியேறினார். அவர்களில் பெரும்பாலோர் மலாய்த் தீவுகளைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தியரான ஜான் குளூனிஸ்-ராஸ் தன் குடும்பத்துடன் வந்தார். ஹேர் சில ஆண்டுகளில் வெளியேறிவிட, தீவு முழுவதும் குளூனிஸ்-ராஸ் குடும்பத்தின் தென்னந்தோப்பாக மாறியது. 1886இல் விக்டோரியா மகாராணி இந்த நிலத்தை அக்குடும்பத்துக்கே உரிமையாக்கிக் கொடுத்தார். அங்கே பிறந்து, உழைத்து, அடக்கமானவர்களின் பெயர் அந்தப் பத்திரத்தில் இல்லை.

வேலை தேங்காய் பொறுக்குவது, உரிப்பது, கொப்பரை காயவைப்பது. கூலி ரூபாய்க் கணக்கில் கிடைத்தது. ஆனால் அது வெளியுலகில் செல்லும் ரூபாய் அல்ல. முதலில் தோலில் எழுதிய சீட்டு, 1913 முதல் தந்தம் போன்ற பொருளில் செய்த வில்லைகள், 1968 முதல் பிளாஸ்டிக் டோக்கன்கள். தோட்டக்காரரின் கடையில் மட்டுமே அவை செல்லும். வீடும் வேலையும் மருத்துவமும் கடையும் ஒரே கையில் இருந்தன. பட்டினி இல்லை என்று அந்தக் குடும்பத்தின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் உழைப்பின் பலனைத் தன் விருப்பப்படி எங்கும் கொண்டுபோய்ச் செலவழிக்க முடியாதவனைச் சுதந்திரமானவன் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

1940களின் இறுதியில் மக்கள் தொகை சுமார் 1,800 ஆகப் பெருகியது. தோப்பால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை. பலர் அன்றைய வடக்குப் போர்னியோவுக்கு, அதாவது இன்றைய மலேசியாவின் சபா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே தாவாவ், லஹாட் டத்து பகுதிகளில் கொக்கோஸ் கிராமங்கள் இன்றும் உள்ளன. தீவில் எஞ்சியது சில நூறு பேர். பின்னாளில் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் குடும்பங்கள் சென்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கட்டானிங் ஊரில் இறைச்சிக்கூட வேலைக்குச் சென்ற கொக்கோஸ், கிறிஸ்துமஸ் தீவு மலாய்க் குடும்பங்கள் அங்கும் ஒரு ஜமாஅத்தை உருவாக்கின.

இலங்கையோடு ஒரு தொடர்பு

1878இல் இத்தீவுகள் இலங்கை ஆளுநரின் பொறுப்பில் விடப்பட்டன. 1886இல் சிங்கப்பூரைத் தலைமையாகக் கொண்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு மாறின. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தபோது நிர்வாகம் மீண்டும் இலங்கைக்கு வந்தது. அப்போது காவலுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பிரிவினர் 1942 மே 8 அன்று இரவு ஆங்கிலேய அதிகாரத்துக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டு, கிரேஷியன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

1984 ஏப்ரல் 6

1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனாலும் தோட்ட நிர்வாகம் பழையபடியே நீடித்தது. 1974இல் ஐக்கிய நாடுகள் சபையின் தூதுக்குழு வந்து பார்த்து, அங்குள்ள நிலையைக் குறை கூறியது. அதன் பிறகே வேகம் பிறந்தது. 1978இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்து, குளூனிஸ்-ராஸ் குடும்பத்தின் நிலத்தில் பெரும்பகுதியை வாங்கியது. 1979இல் தீவு மக்களின் சபை உருவானது.

பிறகு 1984 ஏப்ரல் 6 அன்று, ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் மக்கள் வாக்களித்தார்கள். தனி நாடாவது, ஆஸ்திரேலியாவோடு தளர்வான உறவில் இருப்பது, ஆஸ்திரேலியாவோடு முழுமையாக இணைவது என மூன்று வழிகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. வாக்களித்த 261 பேரில் 229 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். 21 பேர் தளர்வான உறவையும், 9 பேர் தனி நாட்டையும் விரும்பினார்கள்.

மக்களின் மார்க்கத்தையும் மரபையும் மதிப்பதாகவும், சேவைகளைப் பெருநிலத்தின் தரத்துக்கு உயர்த்துவதாகவும் ஆஸ்திரேலிய அரசு உறுதி கூறியது. அதே ஆண்டில் நிலத்தின் பெரும்பகுதி தீவு மக்களின் நன்மைக்காக அவர்களின் சபையிடம் அறக்கட்டளைச் சொத்தாக ஒப்படைக்கப்பட்டது. நமக்குப் பழக்கமான வக்ஃபு முறையை இது நினைவூட்டுகிறது. தனி மனிதர் விற்றுத் தீர்க்க முடியாது, ஊரின் நலனுக்காகக் காக்கப்பட வேண்டும். ஏப்ரல் 6 இன்றும் அங்கே பொது விடுமுறை நாள். இரு பெருநாள்களும் ஹிஜ்ரி புத்தாண்டும் மீலாது தினமும் அங்கே அரசு விடுமுறைகளே.

ஊரார் நடத்தும் பணிகள்

நிலம் கிடைத்தால் மட்டும் போதாது, பிழைப்பு வேண்டும். 1987இல் கொப்பரைத் தொழில் முழுமையாக நின்றுபோனது. தேங்காயைத் தவிர வேறு தொழில் அறியாத ஊருக்கு இது பெரிய அடி. அந்த நிலையில் கைகொடுத்தது 1979இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். ஹோம் தீவு மக்களே அதன் உறுப்பினர்கள். கடை, சரக்கு இறக்குதல், கட்டட வேலை எனப் பல பணிகளை அது நடத்திவருகிறது. ஒரு காலத்தில் தோட்டக்காரரின் கடையில் டோக்கன் நீட்டியவர்களின் பிள்ளைகள், இன்று தங்கள் சங்கத்தின் கடையில் பொருள் வாங்குகிறார்கள்.

1992 முதல் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டத்தின்படி அமைந்த ஊராட்சி நிர்வாகம் இயங்குகிறது. சாலை, குப்பை, கரையோரப் பாதுகாப்பு எல்லாம் அதன் பொறுப்பு.

குப்பை என்பது இங்கே சிறு விஷயமல்ல. 2019இல் வெளியான ஆய்வொன்று, இத்தீவுகளின் கரைகளில் சுமார் 41.4 கோடித் துண்டுக் குப்பைகள், 238 டன் எடையில், கிடப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 9.77 லட்சம் காலணிகளும் 3.73 லட்சம் பல்துலக்கிகளும் அடங்கும். தீவில் இருப்பதோ 600 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு பல்துலக்கி என்று வைத்தாலும், அத்தனையையும் அவர்கள் பயன்படுத்தித் தீர்க்க 155 ஆண்டுகள் ஆகும். ஆக, அது அவர்கள் போட்ட குப்பை அல்ல. கடலோர நாடுகளில் வாழும் நம்மைப் போன்றவர்கள் வீசியது நீரோட்டத்தில் அங்கே போய்ச் சேருகிறது. அதை அள்ளும் சுமை அவர்கள் தலையில்.

கடலைக் காப்பதிலும் ஊராரின் குரல் இருந்தது. 2022இல் கிறிஸ்துமஸ், கொக்கோஸ் தீவுகளைச் சுற்றி சுமார் 7.44 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முன்பே தீவு மக்களோடு பேசி, குடும்பத் தேவைக்கு மீன் பிடிக்கும் வழக்கம் கெடாதபடி எல்லைகள் வகுக்கப்பட்டன. மீனவனைக் கரையில் நிறுத்திவிட்டுக் கடலைக் காப்பதாகச் சொல்லும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கவனிக்கத்தக்க முன்மாதிரி.

மார்க்கமும் மரபும்

ஹோம் தீவின் வாழ்க்கை பள்ளிவாசலைச் சுற்றியே நகர்கிறது. மக்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். கொக்கோஸ் மலாய் என்ற தனி வழக்கில் பேசுகிறார்கள். திருமணம் என்றால் ஒரு வீட்டு விசேஷம் அல்ல, ஊர் முழுவதும் சமையலில் இறங்கிவிடும். நோன்புப் பெருநாளை ஒட்டி 'ஜுக்கோங்' எனப்படும் பாய்மரப் படகுகளின் போட்டி நடக்கும். ஸ்காட்லாந்து நடனத்தின் சாயலும் வயலின் இசையும்கூட அவர்களின் கொண்டாட்டங்களில் கலந்திருக்கின்றன. அது தோட்டக்காரர் காலத்தின் தடம்.

நம்மை மிகவும் கவர்ந்தது அவர்கள் பெயரிட்டு அழைக்கும் முறை. முதல் குழந்தை பிறந்ததும் பெற்றோரின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய்விடும். குழந்தையின் பெயரோடு தந்தைக்கு 'பாக்', தாய்க்கு 'மாக்' என்று சேர்த்து அழைப்பார்கள். பேரப்பிள்ளை வந்ததும் 'நெக்' ஆகிவிடுவார்கள். அரபு மக்களிடையே அபூ இன்னார், உம்மு இன்னார் என்று வழங்கும் குன்யத்தை ஒத்தது இது. ஒரு மனிதர் யார் என்பதை அவருக்குப் பின் வரும் தலைமுறையை வைத்தே சொல்லும் ஊர் அது.

கடல் ஏறும் காலத்தில்

அந்த அடுத்த தலைமுறை எங்கே வாழும் என்பதுதான் இன்றைய கேள்வி. இத்தீவுகளில் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 9 மீட்டர்தான். குடியிருப்புகள் அதைவிட மிகத் தாழ்ந்தவை. கடல் மட்டம் உயர்கிறது, கரை அரிக்கிறது, மண்ணுக்குள் மழைநீர் தங்கும் மெல்லிய நன்னீர் அடுக்கில் உப்பு ஏறும் ஆபத்தும் இருக்கிறது. கரையோர ஆபத்தை எதிர்கொள்வதற்காக ஆஸ்திரேலிய அரசுத் தரப்பு முன்வைத்த திட்ட வரைவில், நீண்ட காலத்தில் மக்களைப் படிப்படியாக வேறிடத்துக்கு மாற்றுவது ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. தீவு மக்களிடையே இது கவலையையும் எதிர்ப்பையும் எழுப்பியது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. உயிரைக் காப்பது கடமை. புயல் அலை வரும்வரை காத்திருப்பது அறிவுடைமை அல்ல. பெருந்தடுப்புச் சுவர் கட்டுவதற்கு ஆகும் செலவும் பெரிது. மறுபுறம், வீட்டை வேறிடத்தில் கட்டித் தரலாம். ஏழெட்டுத் தலைமுறையின் மையவாடியைப் படகில் ஏற்ற முடியாது. ஒரே பள்ளிவாசலின் பாங்கொலி எட்டும் தூரத்தில் வாழ்ந்தவர்களைப் பெருநகரின் பத்துத் தெருக்களில் பிரித்து வைத்தால், ஆட்கள் பிழைத்திருப்பார்கள், ஊர் இருக்காது. சபாவுக்கும் கட்டானிங்குக்கும் போனவர்கள் ஒன்றாகக் குடியமர்ந்ததால்தான் ஜமாஅத்தாக நிலைத்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் கருத்து இதுதான். இருப்பதா போவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுக்கே உரியது. 1984இல் மூன்று வழிகளையும் விளக்கி அவர்களிடம் வாக்குக் கேட்டார்கள். இன்றைக்கும் அதே முறைதான் நியாயம். கரையைப் பலப்படுத்த என்ன செலவாகும், எத்தனை ஆண்டு தாங்கும், போவதானால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போக முடியுமா, அறக்கட்டளை நிலத்தின் கதி என்ன என்பதை அவர்களின் மலாய் மொழியிலேயே விளக்கிவிட்டு, அதன் பிறகு கேட்க வேண்டும். விக்டோரியா மகாராணியின் பத்திரத்தில் அவர்களின் பெயர் இல்லாமல் போனது ஒருமுறை நடந்துவிட்டது. அடுத்த பத்திரத்திலும் அப்படி நடக்கக் கூடாது.

அல்லாஹ் அந்தச் சிறு மஹல்லாவை அதன் பள்ளிவாசலோடும் பிள்ளைகளோடும் காப்பானாக.