காலிபர் (மென்பொருள்)

காலிபர் என்பது தனிநபர் மின்னூல் தொகுப்பை ஒழுங்குபடுத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். சோனி நிறுவனத்தின் மின்னூல் படிப்பான் லினக்சு இயங்குதளத்துடன் இணைந்து இயங்காமையால், இந்தியாவைச் சேர்ந்த கோவித் கோயல் 2006 இல் இதனை எழுதத் தொடங்கினார். 2008 முதல் இப்பெயரில் வழங்குகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் வெளியிடும் ஈபப் கோப்புகளையும் இதில் சேர்க்கலாம்.

தனியுரிமை

நூல்களும் அவற்றின் தலைப்பு, ஆசிரியர், குறிச்சொற்கள் முதலிய விவரங்களும் பயனரின் கணினியிலேயே சேமிக்கப்படுகின்றன. பயனர் கணக்கு தேவையில்லை. எனினும், நூல் விவரங்களை இணையத்திலிருந்து பெறும்போது தலைப்பு அத்தளங்களுக்குச் செல்லும். புதிய பதிப்பைத் தேடும் வசதியை நிறுத்தி வைக்கலாம்.

2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பயனர் தம் கணினியில் வைத்துள்ள படியை அவ்வாறு நீக்க இயலாது.