முன்குறி (பழந்துப்பாக்கிகளில்)

துப்பாக்கிக் குழல்வாயின் மேல் நிற்கும் சிறு முளை அல்லது தகடு. கேரளத்தின் தெற்கு எல்லைப்புற ஊர்களான பாறசாலை, நெய்யாற்றின்கரையைப் பொறுத்தவரை துப்பாக்கியின் வரலாறு, சற்றுத் தெற்கே உள்ள புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையோடு பிணைந்தது.

திரித்துப்பாக்கிக் காலத்தில், குழல்வாயின் தடித்த விளிம்போடு சேர்த்தே முளையை அடித்துவிடுவதும் உண்டு.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர் 1741 ஜூலை 31இல் நடந்தது என்பாரும் ஆகஸ்ட் 10 என்பாரும் உண்டு. மார்த்தாண்டவர்மர் படையிடம் 389 டச்சுத் துப்பாக்கிகள் சிக்கியதாகச் சங்குண்ணி மேனோன் (1878) எழுதுகிறார். போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரானார். அவர் மேற்பார்வையில் உதயகிரியில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. துப்பாக்கிகளும் செய்யப்பட்டதாகச் சொல்வர்.

முன்குறியைக் குழலில் பொருத்தும் அக்கால ஐரோப்பிய முறைகள் மூன்று. முதலாவது, பித்தளைப் பற்றாசு. குழலை அரத்தால் ராவி, வெண்காரம் தூவி, செக்கச் சிவக்கக் காய்ச்சி முளையை ஒட்டுவார்கள். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துப்பாக்கியில் இப்படி ஒட்டிய முளையே துப்பாக்கி முனை ஈட்டியையும் பிடித்துக்கொண்டது. இரண்டாவது, ஈய வெள்ளீயப் பற்றாசு. வெள்ளித் தகட்டுக்கு இது ஏற்றது. சூடு குறைவு என்பதால் குழல் கெடாது, ஆனால் பிடிப்பும் குறைவு. மூன்றாவது, காடி. வாய் குறுகி அடி அகன்ற காடியைக் குழலில் குறுக்காக ராவி, முன்குறியைப் பக்கவாட்டில் தட்டி இறுக்குவது. பின்னால் திருத்த இடம் தருவது இதுவே. குண்டு வலப்பக்கம் விலகினால் முன்குறியையும் வலப்பக்கமே தட்டவேண்டும். தாழ்ந்து விழுந்தால் அதன் தலையை ராவிக் குறைக்கவேண்டும். புதிதாய்ப் பழகுபவர் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்வார்.

கைத்துப்பாக்கிக்குப் பொதுவாக ஈட்டி கிடையாது. ஆகவே முன்குறி குறி பார்ப்பதற்கு மட்டுமே. குதிரைவீரர் நெருங்கி நின்று சுடுவதால் படைக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் அதுவும் இல்லை. இருவர் எதிரெதிர் நின்று சுடும் போட்டிக்கான ஜோடித் துப்பாக்கிகளில்தான் வெள்ளி மணி, பித்தளைத் தகடு என நுணுக்கம் காணலாம்.

உதயகிரிக் கோட்டைக்கு மீண்டும் வந்தால், 1809இல் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர்.

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, பாறசாலை கேரளத்தில் நின்றது. ஆகவே உதயகிரி இன்று தமிழ்நாட்டில் உள்ளது. இத்தகைய பழந்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள் ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது.